புதுக் கீறல் மின்னும்

சிங்க் அக்காவின் விரல் நுனிகளில் ரேகை கிடையாது. ரேஷன் கடையில் விரல் வைக்கிற மிஷின் வந்த புதிதில், பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். முந்தானையில் துடைத்து வைத்தாள், எச்சில் தொட்டு வைத்தாள். மிஷின் ஒவ்வொரு தடவையும் சிவப்பு விளக்கைத்தான் காட்டியது.

கடைக்காரர் மலையாளத்தில், "சேச்சி, நிங்களெ மிஷினுக்கு மனசிலாகலியே" என்றார்.

அவள் வரிசையில் பின்னால் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டியா, மிஷினுக்கு என்னைப் புரியலையாம். நான் இல்லாத ஆளாம்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

ரேகை போனதற்குக் காரணம் வாட்டர் பேப்பர், தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள். நாங்கள் ஒன்பது பேர், காலியான ஃப்ளாட்டுகளைக் கழுவித் துடைத்து அடுத்த ஆள் குடிவரத் தயார் செய்கிற வேலையில் இருந்தோம். நான் தரையும் ஜன்னலும். அவள் சமையலறை சிங்க் மட்டும். ஸ்டீல் சிங்க்கில் விழுந்த கீறல்களை எடுத்து, கடையிலிருந்து இறக்கின அன்றைக்கு இருந்த மாதிரி ஆக்கித் தருவாள். அதனால்தான் அந்தப் பேர். சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு யாரும் நான் கேட்டதில்லை.

அவள் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். முதலில் சிங்க்கைச் சோப்புப் போட்டுக் கழுவி ஈரம் போகத் துடைப்பாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு நாலு விரலால் தடவுவாள். தகட்டுக்கு ஓர் ஓட்டம் உண்டு என்பாள். பலகையில் வரி ஓடுகிற மாதிரி ஸ்டீலிலும் மெல்லிசாக வரி ஓடும். அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமாகவே தேய்க்க வேண்டும். குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தாலும் போச்சு. பழைய ரப்பர் செருப்பின் அடியை வெட்டி, அதன்மேல் வாட்டர் பேப்பரைச் சுற்றி, தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தேய்ப்பாள். முதலில் சொரசொரப்பான தாள், பிறகு அதைவிட மெல்லிசு, பிறகு அதைவிட மெல்லிசு. கடைசியில் வேட்டித் துணியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய். கம்பி நாரை மட்டும் கண்ணில் காட்டக் கூடாது. "அது கீறுறதும் இல்லாம, தன் பொடியை அங்கயே விட்டுட்டுப் போயிரும். அப்புறம் ஒரு வாரத்துல துரு."

தாள் பிடிக்கிற விரல்களும் தாளோடு சேர்ந்துதானே தேயும். தேய்ந்த அந்த விரல்களுக்குத்தான் மற்றவர்களுக்குத் தெரியாதது எல்லாம் தெரிந்தது.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். புத்தகத்தை யாராவது சரளமாகப் படித்தால் இன்றைக்கும் வாயைப் பார்ப்பேன். அவள் சிங்க்கைத் தடவும்போது எனக்கு அப்படித்தான் இருக்கும். "இங்க கழுவினவளுக்கு உயரம் குறைச்சல், எம்பி நின்னிருக்கா." "இது மோதிரம். கல்யாணமாகி ரெண்டு வருஷம் கழட்டலை, அப்புறம் கழட்டிட்டா." இப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டே போவாள். சொல்லி முடித்ததும் அதை அழித்துவிடுவாள்.

ஸ்ரீவராகத்தில் ஒரு மாமி வீட்டு மாடிப் போர்ஷன். குடியிருந்தவர்கள் அன்று காலையில்தான் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். மாமி சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "சுத்த சைவம்னு சத்தியம் பண்ணிட்டுன்னா வந்தா. இதென்னடி இது, சிங்க் பூரா இப்படிப் பொடிப்பொடியாக் கீறி வச்சிருக்கா?" என்றாள்.

அக்கா தடவிப் பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "தேங்காய் மாமி. துருவியைச் சிங்க்குக்குள்ள வச்சுத் துருவியிருக்கா."

"அசத்து" என்று சொல்லிவிட்டு மாமி கீழே போனாள்.

பஸ் ஸ்டாப்புக்கு வந்த பிறகு அக்கா என் காதில் சொன்னாள்: "கிளிமீன். செதில் சுரண்டின தடம். அதுவும் ஞாயித்துக்கிழமை தவறாம." பஸ் வரும் வரைக்கும் இரண்டு பேரும் சிரித்தோம்.

அவள் யாரையும் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்பது எனக்கு அன்றைக்குப் புரிந்தது. ஆனாலும் அவள் ஒரு நாள் என் வீட்டுக்கு வந்து என் சிங்க்கைத் தடவிவிடுவாளோ என்கிற பயம் போகவில்லை. என்னிடம் மறைக்க என்ன இருந்தது? ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று நான் நினைத்திருப்பதில் ஏதாவது இருந்துவிட்டால் என்ன செய்வது, அதுதான் பயம். எனக்கு ஒரே மகள். அப்போது ஒன்பதாம் வகுப்பு. காலையில் நான் ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவேன். வீட்டுக்காரர் ஓட்டலில் தோசை மாஸ்டர், அவர் விடியுமுன்னே போய்விடுவார். மகள் தனியாக இருந்து சாப்பிட்டு எட்டரைக்குப் பள்ளிக்கூடம் போவாள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் கேஸ் கசியும், தாழ்ப்பாள் விழாது, படியில் கால் வழுக்கும் என்று நான் பஸ்ஸில் ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு போவேன். இரண்டு தடவை பாதி வழியில் இறங்கித் திரும்பி ஓடியிருக்கிறேன். இரண்டு தடவையும் கேஸ் மூடித்தான் இருந்தது.

ஓர் எட்டாவது மாடி ஃப்ளாட்டுக்குப் போய் வந்த பிறகு என் பயம் வேறு மாதிரி ஆனது. ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடந்த ஃப்ளாட். உரிமையாளர் பெங்களூரில். அக்கா சிங்க்கைத் தடவியவள் கையை எடுத்துவிட்டாள்.

"இங்க வா. இதைப் பாரு. பழைய கீறல் மங்கிக் கிடக்கும். புதுக் கீறல்தான் மின்னும். இது மின்னுது பாரு. ஒரு வாரம்கூட இருக்காது."

தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. மோட்டார் இணைப்பையே எடுத்துவிட்டிருந்தார்கள். வாட்ச்மேனைக் கேட்டால், "ஆரும் வரல. சாவி என்ட கையிலதானே இருக்கு" என்றான். அக்கா பக்கெட்டில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி சிங்க்கில் இருந்த கீறல் முழுவதையும் எடுத்துவிட்டுப் போனாள். எட்டு நாள் கழித்து உரிமையாளர் கூப்பிட்டார். வாடகைக்குப் பார்க்க வந்தவர்கள் சிங்க் கீறலாக இருக்கிறது என்று சொன்னார்களாம், ஒழுங்காக வேலை செய்யவில்லையா என்று கேட்டார். நாங்கள் திரும்பவும் போனோம். கீறல் இருந்தது. அதே இடம், அதே வளைவு, மின்னிக்கொண்டு.

அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்பு மேடையில் வைத்தாள்.

"சார், இந்தச் சிங்க்ல கழுவிட்டிருந்தது ஆரு?"

"அம்மா. அம்மை இப்போ எங்கூட இவிடத்தான். கிடப்புதான். ஞாபகம் ஒண்ணும் இல்லை."

"கை அசையுமா சார்?"

"அசையும். போர்வையைப் பிடிச்சுக்கிட்டு நாள் முழுக்கத் தேய்ச்சிட்டே இருக்கும். நிங்களோடு இது ஆரு பறஞ்சு?"

யார் சொன்னது என்று அவர் கேட்டதைக் காதில் வாங்காமல் அக்கா தாளை மடித்துப் பையில் வைத்தாள். "இதை நான் எடுக்கல சார். அம்மா இருக்கிற வரைக்கும் வந்துட்டேதான் இருக்கும். விட்டுருங்க. நல்ல கை."

லிஃப்டில் இறங்கும்போது கேட்டேன். "அக்கா, பேயா?"

"போடி. பேய்க்குப் பாத்திரம் கழுவ என்ன தலையெழுத்து? உசிரோட இருக்கிற கைதான். பழகின இடத்துக்கு வருது."

இதை ஏதோ பூனை வந்து போவதைச் சொல்வது போலச் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பயந்திருந்தால்கூட நான் தைரியமாக இருந்திருப்பேன்.

எங்கள் வீட்டுச் சிங்க் அந்த மழைக்காலத்தில் இரண்டு தடவை அடைத்துக்கொண்டது. பிளம்பர் குழாயைக் கழற்றினபோது உள்ளே இருந்து ஊறிப்போன இட்லியும் சோறும் கட்டி கட்டியாக வந்தது. எலி இழுத்துப் போட்டிருக்கும் என்று நான் எலிக்குப் பயந்தேன். எலிப் பொறி வாங்கி வைத்தேன். பொறியில் மகள் கால் மாட்டுமோ என்று பயந்து அதைத் தூக்கி எறிந்தேன். மூன்றாவது தடவையும் தண்ணீர் தேங்கி நின்றபோது, எனக்கே தெரியாமல் அக்காவைக் கூப்பிட்டுவிட்டேன்.

பக்கத்தில் ஒரு வேலை முடிந்து மத்தியானம் மூன்று மணிக்கு வந்தாள். சிங்க்கைத் துடைத்தாள். கண்ணை மூடினாள். தண்ணீர் போகிற துளையின் இடது பக்கம் விரல் வந்ததும் அங்கேயே நின்றுவிட்டது. முன்னும் பின்னும் நாலைந்து தடவை தடவினாள்.

"மோளுக்கு இடது கைப் பழக்கமா?"

"ஆமா. ஏன்க்கா? என்னக்கா?"

"கத்தாதே. கையைக் கொண்டா." என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். மூன்று நாலு சின்னக் கீறல்கள். துளையைப் பார்த்து இழுத்த மாதிரி, ஒரே தடத்தில் நூறு தடவை விழுந்திருக்கும். "ஸ்பூன். தட்டை இங்க சாய்ச்சு வச்சுட்டு உள்ள தள்ளுறா. மிச்சம் மீதி தள்ளினா இவ்வளவு ஆழம் விழாது. முழுத் தட்டு. தினமும்."

நான் கேஸை நினைத்தேன், தாழ்ப்பாளை நினைத்தேன், படியை நினைத்தேன், எலியை நினைத்தேன். நான் வைத்துவிட்டுப் போன நாலு இட்லி வயிற்றுக்குப் போகிறதா என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். எவ்வளவு பொறுப்பு என்று பக்கத்து வீட்டில் பெருமை பேசியிருக்கிறேன். ஆறு மாதத்தில் யூனிஃபார்மை இரண்டு தடவை பிடித்துத் தைத்தது நானேதான். வளர்கிற பிள்ளை, உயரம் போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு தைத்தேன்.

"அழுகையை அப்புறம் வச்சுக்க" என்று சொல்லிவிட்டு அக்கா வேலையில் இறங்கினாள். அடைப்பை எடுத்தாள். சிங்க் முழுவதும் தேய்த்தாள். அந்த இடத்தை மட்டும் உள்ளங்கை அளவுக்கு விட்டுவிட்டாள்.

நாலரைக்கு மகள் வந்தாள். பையை இறக்காமலே சமையலறை வாசலில் நின்றாள். பளபளவென்று இருந்த சிங்க்கையும், நடுவே மங்கிக் கிடந்த அந்த ஒரு திட்டையும் பார்த்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அக்கா முழங்கையால் என்னை இடித்தாள்.

முதுகைத் திருப்பாமலே சொன்னாள்: "மோளே, இந்த இடம் மட்டும் நான் தொடலை. நீ சொன்னா எடுக்கறேன். இல்லேங்கில் இருக்கட்டும்."

பையை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு மகளின் குரல், தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி. "எடுத்திருங்க ஆன்ட்டி."

அன்றைக்கு அவள் அரைத் தோசை சாப்பிட்டாள். வகுப்பில் நாலு பெண்கள் அவள் உடம்பை வைத்து ஒரு பேர் போட்டிருந்தார்கள். அது மட்டும்தான் காரணமா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு எத்தனையோ தடவை அலைந்தோம். ஒரு டாக்டரம்மா அவளைத் தனியாக உட்கார வைத்துப் பேசினாள். அவள் ஒழுங்காகச் சாப்பிட ஒரு வருஷத்துக்கு மேலே ஆயிற்று. நான் தினமும் வேலை விட்டு வந்ததும் செருப்பைக் கழற்றுமுன் சிங்க்கின் இடது ஓரத்தைத் தடவிப் பார்ப்பேன். வழவழவென்றுதான் இருக்கும். அப்புறம்தான் எனக்கு மூச்சு வரும்.

மகள் தேறி வந்த சமயத்தில், கொஞ்சம் முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். சாலை பஜாரில் ஒரு பாத்திரக் கடைக்குப் பின்னால் ஒற்றை அறையும் சமையலறையும். தனியாகத்தான் இருந்தாள். வாசல் குழாயடியில் குத்துக்காலிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உள்ளே சிங்க் இல்லையாக்கா?"

"உண்டு. அதுல நான் கழுவுறதில்லை."

போய்ப் பார்த்தேன். ஊரார் வீட்டுச் சிங்க்கையெல்லாம் கண்ணாடி ஆக்குகிறவள் வீட்டில் இப்படி ஒரு சிங்க். முழுக்கக் கீறல். அதுவும் ஓட்டத்தோடு போகாமல், குறுக்கே, வட்டம் வட்டமாக, கம்பி நாரால் அழுத்தித் தேய்த்த மாதிரி. குழாய் காய்ந்து கிடந்தது. துளையில் ஒரு சிலந்தி வலை. ஆனால் வட்டங்களில் பாதி மின்னியது.

அக்கா பின்னால் வந்து நின்றாள். "தங்கச்சி. எத்தனை சொன்னாலும் வட்டமாத்தான் தேய்ப்பா. இந்தச் சிங்க் வாங்கின மறுநாள் கம்பி நாரை வச்சு ஒரு தேய் தேய்ச்சா. நான் கன்னத்துல ஒண்ணு வச்சேன். அன்னைக்கு இறங்கிப் போனவ. போன் இல்ல, கடுதாசி இல்ல. போலீஸ்ல எழுதிக் கொடுத்தும் ஒண்ணும் கிடைக்கல. ஆனா இது மட்டும் வந்துட்டே இருக்கு." விரலால் ஒரு வட்டத்தைச் சுற்றினாள். "எங்கயோ பாத்திரம் கழுவிட்டிருக்கா. அவ்வளவு தெரிஞ்சா எனக்குப் போதும். நான் இதுல கை வச்சா எது அவ, எது நான்னு தெரியாமப் போயிரும்."

என் முறுக்கை அவள் கடித்த சத்தம் அந்தச் சின்ன அறையில் பெரிதாகக் கேட்டது. தனியாக இருந்து இருந்து மனசு கொஞ்சம் பிசகியிருக்கிறது என்று நான் முடிவு செய்தேன். அவளேதான் யாரும் பார்க்காதபோது கீறிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். பஸ்ஸில் ஏறின பிறகுதான் உறைத்தது. அவளால் கீற முடியாது. வட்டமாகத் தேய்க்க அந்தக் கைக்கு வரவே வராது.

அதற்கடுத்த வருஷம் ஒரு நாள் அவள் வேலைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வீட்டுக்குப் போனேன், பூட்டிக் கிடந்தது. பாத்திரக் கடைக்காரர் சொன்னார்: "'ரெண்டு மாசமா ஒண்ணும் புதுசா வரல அண்ணாச்சி, நான் போய்ப் பாக்கணும்'னு எங்கிட்ட சொன்னா. என்ன வரல, எங்க போற, ஒண்ணும் சொல்லல. ஒரு பையை எடுத்துக்கிட்டு தம்பானூர் ரயில்வே ஸ்டேஷனுக்கு ஆட்டோ ஏறிட்டா."

அவர் எதுவும் புரியாமல் சொன்னார். வராமல் நின்றது தங்கச்சியின் கீறல் என்று எனக்குப் புரிந்தது, அதனால் அங்கே நிற்க முடியவில்லை. சிங்க் அக்கா அதற்குப் பிறகு வரவில்லை. அவள் தேடிப்போன தங்கச்சி கிடைத்தாளா, அதுவும் தெரியாது. ஒருவேளை இரண்டு பேரும் எங்கேயோ ஒரே சமையலறையில் நின்று எப்படித் தேய்ப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கலாம். அப்படியே நினைத்துக்கொள்கிறேன்.

மகள் இப்போது நர்ஸிங் படிக்கிறாள். ஆறு மணி நேரப் பஸ் தூரத்தில் காலேஜ், அங்கேயே ஹாஸ்டல். தினமும் பேசுவாள். போனில் முகம் காட்டுவாள், கழுத்துக்குக் கீழே காட்டமாட்டாள். அவள் போன பிறகு நான் வாசல் குழாயடியில் உட்கார்ந்து பாத்திரம் கழுவ ஆரம்பித்தேன். வீட்டுக்காரர் கேட்டார், "உள்ளே சிங்க் இருக்கே, இடுப்பு வலின்னு சொல்றவ ஏன் இப்படிக் குனியுற?" வெளியே காற்று வருகிறது என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை, காப்பிக்குச் சிங்க் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது கை தானாக இடது ஓரத்துக்குப் போனது. ஏதோ தட்டியது. துணியால் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். துளையைப் பார்த்து இழுத்த மூன்று சின்னக் கீறல்கள். ஜன்னல் வெளிச்சத்தில் புது ஊசி மாதிரி மின்னின.

போன் போட்டேன். மூன்றாவது மணியில் எடுத்தாள்.

"சாப்டியாம்மா?"

"உம்."

"என்ன சாப்ட?"

"உப்புமா. மெஸ்ல."

அவள் குரலுக்குப் பின்னால் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. கூடவே ஒரு சின்னச் சுரண்டல். ஸ்டீல்மேல் ஸ்டீல்.

"எத்தனை நாளாச் சுரண்டிக் கொட்டிட்டிருக்க?"

சுரண்டல் நின்றது. குழாயும் நின்றது. பிறகு மெதுவாக, ஒன்பதாம் வகுப்பில் கேட்ட அதே குரல்: "அம்மைட்ட... ஆரு பறஞ்சு?"

"நான் வர்றேன். அங்கேயே இரு" என்றேன்.

வாட்டர் பேப்பர் என்னிடம் இருக்கிறது. அக்கா எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போன மூன்று தாளையும் அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். பத்து நிமிஷ வேலைதான், எந்தப் பக்கம் ஓட்டம் என்றும் எனக்குத் தெரியும். ஆனால் தொடவில்லை. முதலில் அவளை வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். இந்தச் சமையலறை வாசலில் நின்று அவளே பார்த்து, அவளே சொல்லட்டும். சிங்க்கை அப்படியே விட்டுவிட்டுக் கதவைப் பூட்டினேன். கேஸை மூடினேனா என்று பாதி வழியில் ஒரு சந்தேகம் வந்தது. திரும்பிப் போகவில்லை.